பொறுப்பை ஒப்படைக்காமல் போனவர்கள்

இந்த ஊரில் மூன்று நாள் மருந்தை வாசலிலேயே ஒரே மூச்சில் குடித்துவிடுகிறார்கள். சீசாவின் பக்கத்தில் காகிதப் பட்டை ஒட்டி, வேளைக்கு ஒரு பல்லாகக் கத்தரித்து, காலை இதுவரை, மதியம் இதுவரை, இரவு இதுவரை என்று நான் விரலால் காட்டி முடிப்பதற்குள் சீசா காலியாகிவிடும். ரங்கூனில் பயிற்சி பெற்ற காலத்தில் அந்தக் காகிதப் பற்களைச் சமமாகக் கத்தரிக்கக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. இங்கே அதற்கு வேலையே இல்லை. போன வாரம் கடலைக்காட்டிலிருந்து நேராக வந்த ஒருவர், மண் ஒட்டிய கையாலேயே சீசாவை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

“ஏனுங்க, அது மூணு நாளைக்குக் குடுத்த மருந்துங்க” என்றேன்.

“அதுக்கென்னுங்க சாமி! மருந்து ஒரே நாள்ல உள்ள போனா நோவும் ஒரே நாள்ல வெளிய போயிருமில்லீங்க?” என்றார். வாயைத் துடைத்துக்கொண்டு, “கொஞ்சம் கசப்புப் பத்தலீங்க” என்றும் சொன்னார்.

நாமக்கல் சாலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, எல்.எம்.பி. படித்த டாக்டர் ஒருவர் தனியாக நடத்தும் வைத்தியசாலையில் நான் கம்பவுண்டராக இருக்கிறேன். அந்தச் சீசாவில் நான் எதை வேண்டுமானாலும் ஊற்றியிருக்கலாம். அவர் என் ஊரைக் கேட்கவில்லை; என் அப்பா எங்கே இருக்கிறார், யாரிடம் வேலை பார்க்கிறார் என்று கேட்கவில்லை; நான் யாருக்கு விசுவாசமாக இருக்கிறேன் என்று எழுதி வாங்கவில்லை. தாகத்துக்கு மோர் வாங்குவதுபோல வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். இந்தக் கேள்விகளையெல்லாம் என்னிடம் கேட்டது வேறொரு தரப்பு. ரங்கூனிலிருந்து வந்து சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு என்று சிதறிக் கிடக்கும் நம்மவர்களுக்கும், அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்களிடமும் கேட்டிருப்பார்கள்.

நான் ரங்கூனில் பிறந்தவள். அப்பாவின் பூர்வீகம் வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் ஒரு நெசவாளர் ஊர். அண்ணன் தறியில் உட்கார, தம்பியான அப்பா கப்பலேறிப் போய், ரங்கூனுக்கு வெளியே ஒரு பம்ப் ஹவுஸில் ஃபிட்டரானார். நான் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டர் பயிற்சி முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சக்கரவர்த்திக்கும் அவர் வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்பேன் என்று அதில் ஒரு வரி இருந்ததாம். எனக்கு நினைவிருப்பது அதற்கு அடுத்த காகிதம்: சீருடை இரண்டு, தராசு ஒன்று, விஷ அலமாரியின் சாவி ஒன்று.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. விடுப்பில் போனாலும் மாற்றலாகிப் போனாலும் பொறுப்பை ஒப்படைக்காமல் போக முடியாது. அலமாரியில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட வேண்டும். பொறுப்பு ஏற்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டியலின் அடியில் ஒருவர் ‘ஒப்படைத்தேன்’ என்றும் மற்றவர் ‘பெற்றுக்கொண்டேன்’ என்றும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரண்டு கையெழுத்தும் விழுந்த பிறகுதான் சாவி கைமாறும். சூப்பரின்டென்டென்டாக இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா இதில் மிகக் கண்டிப்பு. தன் கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு கம்பவுண்டரைப் படகுத்துறையிலிருந்து திரும்ப வரவழைத்து, எண்ணாமல் விட்ட இரண்டு மார்பியா குப்பிகளை எண்ண வைத்தார். அந்தப் பெண் பூவும் நகையுமாக நின்று எண்ணினாள். எனக்கு அப்போது டாக்டரம்மாவின் மேல் மரியாதைதான் வந்தது. அரசாங்கம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சப்பான்காரன் குண்டு விழத் தொடங்கியபின் ஆஸ்பத்திரிச் சுவரில் ஓர் உத்தரவை ஒட்டினார்கள். அனுமதியின்றி வேலையை விட்டு நீங்குவோர் தண்டிக்கப்படுவர் என்று நான்கு மொழிகளில் இருந்தது, தமிழிலும் இருந்தது. நாங்கள் நீங்கவில்லை. பின்பு ஒருநாள் காலை நான் வேலைக்குப் போனபோது கேட்டில் காவல்காரன் மட்டும் நின்றான். டாக்டரம்மா எங்கே என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்துஸ்தானியில் கேட்டேன். ரவுண்ட்ஸ் எப்போது என்று கேட்பதாக அவன் நினைத்துக்கொண்டு, இனி ரவுண்ட்ஸ் இல்லை என்றான். மீண்டும் கேட்டேன். காரில் வடக்கே போய்விட்டார், நாயையும் ஏற்றிக்கொண்டு போனார் என்றான். நாய் விஷயத்தை இரண்டு முறை சொன்னான்.

நான் மருந்தறைக்குள் போய் அலமாரியைத் திறந்து எண்ணினேன். மார்பியா, ஸ்ட்ரிக்னின், ஆர்செனிக் கரைசல், அபினி டிங்ச்சர் என்று வரிசையாக எழுதி, அடியில் ‘ஒப்படைத்தேன்’ என்று கையெழுத்திட்டேன். எதிர்ப்பக்கம் கையெழுத்திட ஆளில்லை. சிறைகளைத் திறந்துவிட்டார்கள், பைத்தியக்கார ஆஸ்பத்திரியையும் திறந்துவிட்டார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. பசியிலும் தாகத்திலும் அலைபவர்கள் உள்ளே புகுந்தால் எந்தச் சீசாவை எடுத்துக் குடிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அலமாரியைப் பூட்டி, பட்டியலில் சாவியைச் சுற்றி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை அப்பா என்னையும் அம்மாவையும் கப்பல்துறைக்குக் கூட்டிப் போனார். டிக்கெட் இரண்டுதான் வாங்கியிருந்தார் என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“நீங்க வரலியா?” என்று அம்மா கேட்டாள்.

“பம்ப நிறுத்திப்போட்டு நான் வந்துட்டா, ஊர்ல இருக்கற சனம் எதைக் குடிக்கும்? அடுத்த ஷிப்ட் ஆள் வரட்டும், மாத்திவிட்டுட்டு வாரேன்” என்றார் அப்பா. என்னைப் பார்த்து, “அலமாரியப் பூட்டிட்டியா?” என்று கேட்டார். தலையாட்டினேன். “பூட்டிட்டா சரி. போ சாமி” என்றார்.

அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை என்பதை ஊகிக்க எங்களுக்குக் கடிதம் தேவைப்படவில்லை.

பெரியப்பா வீட்டில் இடம் கொடுத்தார்கள். இரண்டு தறி, ஆறு பேர், ஒரே அறை. அதில் நாங்கள் இருவர். பெரியம்மா முகம் சுளித்ததில்லை. ஆனால் நாங்கள் கால் நீட்டிப் படுக்கும் இடத்தில்தான் அவள் பாவு நூல் வைப்பது வழக்கம் என்பதை ஒவ்வொரு நாளும் நினைவுபடுத்தினாள். ஊரில் எனக்கு ரங்கூன்காரப் புள்ள என்று பெயர். என் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். கிணற்றில் நான் தண்ணீர் சேந்துவதைப் பார்க்கக் குழந்தைகள் கூடுவார்கள். குழாயைத் திருகினால் அப்பா அனுப்பிய தண்ணீர் வரும் ஊரில் வளர்ந்தவள் நான். கயிறு கையை அறுத்தது.

அப்போதுதான் சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் பெண் கம்பவுண்டர் தேவை என்று தெரிந்தது. தங்க ஓர் அறையும் உண்டு. அம்மாவுக்குக் கால் நீட்ட ஓர் இடம் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு எண்ணமே இல்லை. விண்ணப்பப் படிவத்தில் பெயர், படிப்பு எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில், சர்க்காருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். மற்றொன்றில், நெருங்கிய உறவினர் எவரேனும் எதிரி வசமுள்ள பிரதேசத்தில் இருக்கிறாரா, என்ன செய்கிறார் என்று எழுத வேண்டும். நடத்தைச் சான்றும், ஊரின் பிறப்பு இறப்புகளை எழுதும் மணியகாரரிடம் வாங்கி இணைக்க வேண்டும்.

மணியகாரர் எங்கள் பெரியப்பாவின் சிநேகிதர். படிவத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். “இதெல்லாம் எளுதிக் குடுத்தா போலீசு வந்து நிக்கும் கண்ணு. நீ அந்தக் கட்டத்தத் தொடாத. நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் பார்த்துக்கொண்ட விதம் இது: என் தகப்பனார் ரங்கூனில் குண்டு விழுந்து காலமானார் என்று சான்று எழுதினார். சான்றுக்கு ஆதாரம் வேண்டுமே என்று ஊர் இறப்புப் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டார். எங்களுக்கு உதவி செய்த நிறைவோடு தம் வீட்டில் போய்ச் சொன்னார். வீட்டில் கேட்டவர் கிணற்றடியில் சொன்னார்.

மறுநாள் காலை அம்மா குடத்தோடு வாசலில் நின்றபோது, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஐந்தாறு பெண்கள் தெருமுனையிலேயே தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மா அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, “ஆரு ஊட்டுல எழவு?” என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டாள். வந்த பெண்கள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். பின்னாலேயே என் தாய்மாமன், திருச்செங்கோட்டிலிருந்து வந்தவர், அக்குளில் ஒரு வெள்ளைச் சேலையை இடுக்கிக்கொண்டு நின்றார். தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடிச் சேலை அது.

“அண்ணா, இந்தச் சீலைய ஆருக்கு வாங்கியாந்தீங்க?” என்று அம்மா கேட்டாள்.

மாமா விம்மினார். “ரிஜிஸ்டர்லயே ஏத்திட்டாங்களாமே சாமி...”

அழுகை நின்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். பெரியப்பா தலையில் கைவைத்துக்கொண்டு தறிக்குழியில் உட்கார்ந்தார். பெரியம்மாதான் முதலில் பேசினாள். “எளுத்துலதான செத்தாரு? இருந்துட்டுப் போகட்டும். புள்ளைக்கு வேலை வரட்டும். ஊருக்காக நாலு நாளைக்குப் பொட்ட மட்டும் அழிச்சுக்கிட்டா என்ன கெட்டுப்போச்சு? அவரு வந்தா மறுக்கா வெச்சுக்க.”

“ஏனக்கா, உங்க ஊட்டுக்காரரு தறியில உக்காந்திருக்கறாரு. அவரையும் ரெண்டு நாளைக்கு எளுத்துல கொன்னு பாக்கலாமா?” என்றாள் அம்மா.

தறிக்குழியிலிருந்து ஓர் இருமல் வந்தது. எழவு கேட்க வந்தவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். திரும்பி வந்து என்னிடம் மெல்லச் சொன்னாள்: “உனக்கு அந்த ரூம் வேணும்னா சொல்லு. அழிச்சுக்கறேன்.” அவள் அதை அழுதுகொண்டு சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் விண்ணப்பத்தைக் கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். மருந்துப் பதிவேட்டில் தப்பாக எழுதியதைச் சுரண்டக் கூடாது. பழையது தெரியும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி முதலெழுத்து இட வேண்டும். அப்படியே மணியகாரரின் சான்றில் இருந்த ‘காலமானார்’ என்பதை அடித்து, ‘உயிருடன் இருக்கிறார். பம்ப் ஃபிட்டர்’ என்று எழுதிக் கொடுத்தேன். தலைமைக் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“ஏம்மா, செத்துட்டாருன்னு மணியகாரரே எழுதிக் குடுத்திருக்காரு. நீ எதுக்கு அவரப் பொழைக்க வைக்கற?”

“உயிரோடதானுங்க இருக்கறாரு.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலீங்க. செத்துட்டாருன்னும் யாரும் சொல்லலீங்க.”

“சரி, இருக்கறாரு. என்ன பண்றாரு?”

“பம்ப் ஓட்டறாருங்க.”

“யாருக்கு?”

“தண்ணி குடிக்கறவங்களுக்குங்க.”

“சப்பான்காரன் தண்ணி குடிக்கமாட்டானா?”

“குடிப்பானுங்க. வெள்ளைக்காரரும் அதே தண்ணியத்தானுங்க குடிச்சாரு.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். “படிச்ச புள்ள நீ. சொல்றேன், கேட்டுக்க. செத்தவரோட விசுவாசத்த யாரும் விசாரிக்க மாட்டாங்க. பொழைச்சுக் கெடக்கறவருக்குத்தான் அந்தத் தொல்லை. உங்கப்பா செத்தே இருக்கட்டும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. என்ன சொல்ற?”

அவர் கெட்டவர் அல்ல. மணியகாரரும் கெட்டவர் அல்ல. நான் தாளைத் திரும்ப வாங்கவில்லை. இரண்டு வாரத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வந்தது. காரணம், தகப்பனார் எதிரி வசம் பணியில் இருப்பது. அதைவிட எனக்குக் கசந்தது இன்னொன்று. விசுவாச உறுதியின் கட்டத்தில் நான் கையெழுத்தே போட்டிருக்கவில்லை. அதை வெறுமையாக விட்டிருந்தேன். அதைத் தலைமைக் குமாஸ்தாவும் கவனிக்கவில்லை, அவருக்கு மேலே இருந்தவர்களும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு என் விசுவாசம் தேவைப்பட்டிருக்கவேயில்லை.

ஒரு மனுஷி ஓர் அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டவள் என்றால் எதனால் என்று அந்த நாட்களில் பட்டியல் போட்டுப் பார்த்தேன். எதையும் அப்படித்தான் எனக்கு யோசிக்கத் தெரியும். ஒன்று, பிறப்பு. அதன் ஆட்சியில் பிறந்தேன். நான் கேட்டுப் பிறக்கவில்லை. இரண்டு, நானாகக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டது. தராசுக்கும் சீருடைக்கும் நடுவே வாங்கிய கையெழுத்து அது. என்றாலும் நான் போட்டதுதான், மறுக்கவில்லை. மூன்று, அது என்னைக் காப்பாற்றுகிறது, அதனால் நான் அதற்கு அடங்குகிறேன் என்பது. சட்டம் தெரிந்தவர்கள் இதைத்தான் அடித்தளம் என்கிறார்கள். இந்த வைத்தியசாலை டாக்டரும் பின்னால் இதையே சொன்னார்: பாதுகாப்பு ஒரு கை, பணிவு மறு கை. அப்படியானால் ஒரு கை காரில் ஏறி வடக்கே போன காலையில் மறு கை என்ன ஆயிற்று? நான் விட்டுப் போனால் சிறை. அது விட்டுப் போனால் அதற்குப் பெயர் பின்வாங்குதல். என் பட்டியல் அதற்கு மேல் நகரவில்லை. நான்காவது என்று எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தேன். அந்த இடத்தில் பம்பைத்தான் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது அரசாங்கத்துக்குச் செலுத்தும் விசுவாசம் அல்ல. அப்பா நின்றது சக்கரவர்த்திக்காகவும் அல்ல, சப்பான்காரனுக்காகவும் அல்ல. ஆள் மாற்றாமல் நகரக் கூடாது என்ற விதியை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த அரசாங்கம்தான். அதைக் கடைசிவரை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

கோடிச் சேலையை மாமா திரும்ப எடுத்துப் போக மறுத்தார். கொண்டுவந்ததைத் திருப்புவது ஆகாது என்றார். அம்மா அதை ஒரு வருஷம் பெட்டியில் வைத்திருந்தாள். இந்த வைத்தியசாலையில் நான் சேர்ந்தபோது, “கட்டுப் போடத் துணி வேணுமில்ல?” என்று எடுத்துக் கொடுத்தாள். கிழித்ததில் இரண்டு விரல் அகலத்தில் இருபது, நான்கு விரல் அகலத்தில் பன்னிரண்டு, ஒடிந்த கையைத் தாங்கும் தொட்டில் கட்டு மூன்று. நல்ல துணி. அதைச் சுற்றிக்கொண்டு போனவர்களுக்கு அதன் கதை தெரியாது.

சண்டை முடிந்தது. அரசாங்கம் ரங்கூனுக்குத் திரும்பியது. அப்பாவின் முதல் கடிதம் வந்த அன்று பெரியம்மாதான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினாள். மணியகாரர் தம் பதிவேட்டைத் திருத்த வழியில்லாமல் இன்னும் தவிக்கிறார். இறந்தவரை எழுத அதில் கட்டம் இருக்கிறது, திரும்பியவரை எழுத இல்லை. அடுத்த கடிதத்தில் அப்பா எழுதியிருந்தார்: எதிரியின் கீழ் வேலை பார்த்ததற்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை பம்ப் ஹவுஸுக்குள் வரக் கூடாதாம். கேட்டுக்கு வெளியே நின்று தினமும் காது கொடுத்துக் கேட்கிறேன். இரண்டாவது பம்பின் பேரிங் சத்தம் சரியில்லை. உள்ளே இருப்பவனுக்கு அது கேட்கவில்லை.

சில நாள் கழித்து எனக்கும் ரங்கூனிலிருந்து ஒரு சர்க்கார் உறை வந்தது. அனுமதியின்றி வேலையை விட்டு நீங்கியதற்கும், விஷ அலமாரியின் சாவியை ஒப்படைக்காததற்கும் காரணம் கூற வேண்டும். சாவியை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப வேண்டும். அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வந்தவளையும் கேக்கறான். இருந்தவரையும் கேக்கறான். முதல்ல ஓடினவன் கேக்கறான் பாரு” என்றாள். கொஞ்சம் கழித்து, “சாவிய அனுப்பப் போறியா?” என்றாள்.

தபாலில் சாவியை அனுப்பினால் அது பொறுப்பு ஒப்படைத்ததாகாது. நான் பதில் எழுதினேன். அன்று எண்ணிய பட்டியலை வரி மாறாமல் நகல் எடுத்து இணைத்து, ‘ஒப்படைத்தேன்’ என்ற என் கையெழுத்துக்கு எதிரே உள்ள இடம் அன்றிலிருந்து காலியாக இருக்கிறது, தகுந்த ஒருவர் நேரில் வந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டால் சாவியைத் தரத் தயாராக இருக்கிறேன் என்று எழுதினேன். இதுவரை பதில் இல்லை. இங்கேயும் ஆட்சி மாறப்போகிறது, நம்மவர்கள் ஆளப்போகிறார்கள் என்று டாக்டர் உற்சாகமாகப் பேசுகிறார். ஆளட்டும். அவர்களும் ஒரு படிவம் அச்சடிப்பார்கள். அதிலும் அப்பாவின் பெயருக்கு எதிரே ஒரு கட்டம் இருக்கும்.

வைத்தியசாலையின் மருந்து அலமாரிக்கும் ஒரு சாவி உண்டு. இரண்டையும் ஒரே ஆணியில்தான் மாட்டி வைத்திருக்கிறேன். ரங்கூன் அலமாரி எரிந்ததா, உடைந்ததா, இன்னும் பூட்டியே கிடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. காலையில் வாசலில் பத்துப் பேர் சீசாவோடு காத்திருக்கும்போது அவசரத்தில் கையை நீட்டி எடுத்து, இந்த ஊர்ப் பூட்டில் நுழைக்கிறேன். அது திரும்புவதில்லை. அப்போதுதான் கையில் இருப்பது எந்தச் சாவி என்று பார்க்கிறேன்.